மெல்லிய கார்பன் தகட்டில் ஸ்டிரிங்கர் பாதத்தைத் தைப்பது வலிமையைக் கூட்டுமா, குறைக்குமா?

சிறகுக்கட்டு எழுதியது:

வணக்கம். ஒற்றை இருக்கை கொண்ட இலகு விமானம் ஒன்றுக்குக் கார்பன் இழைச் சிறகை வடிவமைத்து வருகிறேன். சிறகின் மேல்தகடு 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் ஸ்டிரிங்கர்களின் (தகட்டை விறைப்பாக்கும் நீள விலாக்கள்) பாதம், அதாவது தகட்டோடு ஒட்டும் தட்டையான அடிப்பகுதி, 0.8 மில்லிமீட்டர் தடிமனும் 25 மில்லிமீட்டர் அகலமும் உடையது. இரண்டையும் உலர் துணியாகவே அச்சில் அடுக்கி, வெற்றிடத்தின் உதவியால் எபாக்சி ரெசினை (இழைகளைப் பிணைத்துக் கெட்டியாகும் பிசின்) உறிஞ்சவைத்து, ஒரே பொருளாகக் கெட்டிப்படுத்துகிறேன்.

சோதனைத் துண்டுகளை வளைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே விதமாகத்தான் உடைகின்றன. தகடோ ஸ்டிரிங்கரோ முறிவதற்கு வெகு முன்பே பாதத்தின் முனையில் ஒரு பிரிவு தொடங்குகிறது. தொடங்கிய அக்கணமே முழு நீளத்துக்கும் ஓடிவிடுகிறது. பிரிந்த முகங்களை விளக்கில் சாய்த்துப் பார்த்தால் இரண்டும் வழவழப்பான ரெசின் படலத்துடன் மின்னுகின்றன. அறுந்த இழை ஒன்றுகூட இல்லை. அதாவது, நான் காசும் கவனமும் செலவிட்டு அடுக்கிய கார்பன் இழை எதுவும் அந்த முறிவில் பங்கெடுக்கவே இல்லை.

பாதத்தைக் கெவ்லார் (உறுதிமிக்க செயற்கை இழை) நூலால் தகட்டோடு சேர்த்துத் தைத்தால் இணைப்பு பல மடங்கு வலுப்படும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். ஊசி இறங்கும் இடமெல்லாம் கார்பன் இழை அறுபடும், தகடு பலவீனமாகும் என்று இன்னொருவர் எச்சரிக்கிறார். இருவரும் அனுபவம் உள்ளவர்கள். யார் சொல்வது சரி? தைப்பதென்றால் பாதத்தை மட்டும் தைப்பதா, அடிபட்டாலும் தாங்கட்டும் என்று தகடு முழுவதையும் தைப்பதா?

அடுக்கு7 எழுதியது:

தகடு முழுவதையும் தைக்காதீர்கள். இதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன்.

தைத்த தகடு ஒன்றைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நூல் நிற்கும் இடத்தில் கார்பன் இழைகள் அதைச் சுற்றி விலகி, ஆற்று நீர் பாலத்தூணைச் சுற்றிப் பிரிந்து மீண்டும் கூடுவதைப் போலப் போகின்றன. நூலின் முன்னும் பின்னும் இழை நுழையாத கண் வடிவப் பகுதி ஒன்று உண்டாகிறது. அதில் இருப்பது வெறும் ரெசின். மேற்பரப்பிலோ, இறுக்கி இழுக்கப்பட்ட நூல் தன் அடியில் உள்ள அடுக்கை உள்ளே அழுத்திப் பள்ளமாக்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தையலிலும் மூன்று குறைகள் உள்ளன: ஊசி அறுத்த இழைகள், பக்கவாட்டில் விலகிய இழைகள், கீழ்நோக்கி அமுங்கி நெளிந்த இழைகள்.

இழுவிசைக்கு இவை ஓரளவே தீங்கு செய்கின்றன. அமுக்கவிசைக்குத்தான் உண்மையான ஆபத்து. அமுக்கத்தில் கார்பன் இழை நேராக நிற்கும் வரைதான் அதற்கு வலிமை; சற்றே சாய்ந்து நின்றாலும் அது பக்கவாட்டில் மடங்கி, முழுக் கற்றையும் ஒரு பட்டையாக முறிகிறது. 1972இல் ஆர்கன் என்ற ஆய்வாளர் தந்த எளிய சூத்திரம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது: ரெசினின் நறுக்கு நெகிழ்வு வலிமையை (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் விசையில் ரெசின் இளகத் தொடங்கும் அளவு) ரேடியனில் சொன்ன இழையின் விலகல் கோணத்தால் வகுத்தால் அமுக்க வலிமை கிடைக்கும். நறுக்கு வலிமை 60 மெகாபாஸ்கல் என்றும் விலகல் 2 பாகை என்றும் கொண்டால், விடை ஏறத்தாழ 1,700 மெகாபாஸ்கல். விலகல் 4 பாகை ஆனால் அது பாதியாகிவிடும். தகட்டின் எல்லா இழைகளும் அப்படி விலகுவதில்லை என்பதால் மொத்த இழப்பு அவ்வளவு பெரிதாக இராது. தைத்த தகடுகளில் பொதுவாகப் பேசப்படும் இழப்பு 20 விழுக்காட்டுக்குள் அடங்கும். ஆனால் சிறகின் மேல்தகடு பறக்கும்போது பெரும்பாலும் அமுக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே 10 விழுக்காட்டை இழந்தால்கூட அதை ஈடுகட்ட அடுக்கு சேர்க்க வேண்டும், எடை கூடும்.

விரிசல்வழி எழுதியது:

அடுக்கு7 சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் கேள்வி கேட்டவரின் தகடு அமுக்கத்தில் முறியவில்லை, பிரிந்து போகிறது. எந்த முறிவைத் தடுக்க நினைக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இணைப்பில் தையல் என்ன செய்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். காகிதமும் பென்சிலும் போதும்.

1600 டெனியர் கெவ்லார் நூல் 9,000 மீட்டருக்கு 1,600 கிராம் எடையுள்ளது. கெவ்லாரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.44 கிராம் என்பதால், நூலின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 0.12 சதுர மில்லிமீட்டர். பூட்டுத் தையலில் மேல்நூல் ஒரே துளையில் இறங்கி, அதே துளையில் ஏறுகிறது. எனவே ஒவ்வொரு துளையிலும் இரண்டு இழுப்பு நூல் உண்டு, பரப்பு 0.25 சதுர மில்லிமீட்டர். இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் தைத்தால், 25 சதுர மில்லிமீட்டருக்கு ஒரு தையல் வரும். மொத்தப் பரப்பில் நூலின் பங்கு 1 விழுக்காடு.

முறுக்கு, வளைவு, ஊசிக்கண் தேய்மானம் எல்லாவற்றையும் கழித்து, நூல் 2,000 மெகாபாஸ்கல் வரை தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையல் சுமார் 500 நியூட்டன் தாங்கும். அதை 25 சதுர மில்லிமீட்டருக்குப் பரப்பினால் 20 மெகாபாஸ்கல். எபாக்சி அடுக்கிடை, அதாவது இரு இழை அடுக்குகளை ஒட்டும் ரெசின் பகுதி, தன் தடிமன் திசையில் தாங்குவதோ பல பத்து மெகாபாஸ்கல். அதாவது, பலரும் நம்புவதற்கு மாறாக, தையலின் வலிமை ரெசினின் வலிமையைவிடக் குறைவு. விரிசல் தொடங்கும் சுமையைத் தையல் உயர்த்தும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

இனி ஆற்றலைப் பாருங்கள். சாதாரண எபாக்சி அடுக்கிடையில் விரிசல் திறந்துகொண்டு முன்னேற, சதுர மீட்டருக்கு 100 முதல் 300 ஜூல் வரை போதும். தையல் இருந்தால், விரிசல் முனை அதைக் கடந்து சென்ற பிறகும் நூல் இரு முகங்களையும் பற்றிக்கொண்டிருக்கும். கெவ்லார் 3 விழுக்காடு நீண்டுதான் அறும். 5 மில்லிமீட்டர் தடிமன் முழுவதும் நூல் ரெசினிலிருந்து விடுபட்டு நீள்கிறது என்றால், அறுவதற்குமுன் 0.15 மில்லிமீட்டர் திறப்பை அனுமதிக்கிறது. 20 மெகாபாஸ்கலை 0.15 மில்லிமீட்டரால் பெருக்கிப் பாதியாக்கினால், சதுர மீட்டருக்கு 1,500 ஜூல். வெறும் 1 விழுக்காடு நூல், விரிசல் எதிர்ப்பைப் பல மடங்காக்கிவிட்டது.

இதனால்தான் உங்கள் நண்பர்கள் இருவரும் சரியாகவே சொல்கிறார்கள் என்கிறேன். பல மடங்கு என்பது விரிசலை நகர்த்தத் தேவையான ஆற்றலைப் பற்றிய கூற்று. பலவீனம் என்பது தகட்டின் தளத்துக்குள் உள்ள வலிமையைப் பற்றிய கூற்று. இரண்டையும் "வலிமை" என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இந்தச் சச்சரவே வருகிறது.

சிறகுக்கட்டு எழுதியது:

மிக்க நன்றி. ஆனால் அந்தக் கணக்கில் தடிமன் 5 மில்லிமீட்டர் என்று கொண்டிருக்கிறீர்கள். என்னுடையது பாதமும் தகடும் சேர்த்தே 2 மில்லிமீட்டர்தானே?

விரிசல்வழி எழுதியது:

சரியான இடத்தில் கேட்டீர்கள். 2 மில்லிமீட்டருக்கு நூல் அனுமதிக்கும் திறப்பு 0.06 மில்லிமீட்டர், ஆற்றல் 600 ஜூல். அதுவும் நூல் முழுவதுமாக ரெசினிலிருந்து விடுபட்டால்தான். பிடிப்பு விடாமல் நூல் விரிசலின் அருகிலேயே அறுந்தால் இன்னும் குறையும். மெல்லிய தகட்டில் தையலின் பலன் குறைகிறது, அதே நேரத்தில் அது செய்யும் தீங்கு கூடுகிறது. ஏனெனில் நூலின் தடிமன் தகட்டின் தடிமனோடு ஒப்பிடத்தக்கதாகிவிடுகிறது. 20 மில்லிமீட்டர் தடித்த சிறகுத் தகட்டில் கிடைத்த வெற்றியை அப்படியே 1.2 மில்லிமீட்டர் தகட்டுக்கு மாற்றிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. நூல்கள் இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் விரிசல் முனைக்குப் பின்னால் சில வரிசைகளாவது இருக்க வேண்டும். விரிசல் முதல் வரிசையை எட்டும்வரை தையல் இருப்பதே அதற்குத் தெரியாது. எனவே முதல் வரிசை பாதத்தின் ஓரத்துக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்பது மிக முக்கியம்.

ஊசிமுனை எழுதியது:

உலர் துணி முன்வடிவங்களை (ரெசின் ஏற்றுவதற்கு முன் பொருளின் வடிவில் அடுக்கிய துணி) தைப்பது என் அன்றாட வேலை என்பதால், இயந்திரத்தின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, நீங்கள் உலர் துணியைத் தைக்கப்போகிறீர்கள் என்பது பெரும் நன்மை. ரெசின் ஊறிய ப்ரீபிரெக் அடுக்கில் ஊசி இறங்கும்போது, பசையில் சிக்கிய இழைகளால் விலக முடியாது. ஊசி அவற்றை அறுத்துக்கொண்டுதான் போக வேண்டும். உலர் துணியிலோ இழைகள் ஊசிக்கு வழிவிட்டு ஒதுங்குகின்றன. கூர்முனை ஊசியை விட, முனை சற்றே உருண்ட ஊசி இழைகளைக் குத்தாமல் தள்ளிவிடும். ஊசியை அடிக்கடி மாற்றுங்கள். கார்பன் இழை எஃகு ஊசியை வேகமாகத் தேய்க்கிறது. தேய்ந்த ஊசி இழையைக் கிழிக்கிறது. துணியின் மேல் கறுப்புத் தூசி சேரத் தொடங்கினால் அது ஊசி மாற்ற வேண்டும் என்பதற்கான அறிகுறி.

இரண்டாவது, முடிச்சு எங்கே விழுகிறது என்பது. சட்டை தைக்கும் பூட்டுத் தையலில் மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவில் பின்னிக்கொள்ளும். சட்டைக்கு அது அழகு. இழையும் ரெசினும் சேர்ந்த காம்போசிட்டுக்கு அது கேடு. அந்த முடிச்சு தகட்டின் நடுவே ஒரு கட்டியாக நின்று இழைகளை இருபுறமும் தள்ளும், நூலும் அந்த வளைவிலேயே அறும். அதனால் மேல்நூலின் இழுவிசையைக் குறைத்து, பாபின் பக்கத்தை இறுக்கி, முடிச்சு அடிப்பரப்புக்கு வரும்படி அமைக்கிறோம். கனமான கெவ்லார் மேல்நூலாகவும், மெல்லிய நூல் பாபினாகவும் இருக்கட்டும்.

மூன்றாவது, இறுக்கம். தைத்து முடித்த துணியில் தையல் வரிசையை விரலால் தடவிப் பார்ப்பேன். நூல் துணியின் மேல் படுத்திருப்பது விரலுக்குத் தெரிய வேண்டும். துணி நூலுக்கு அடியில் பள்ளமாகி, மெத்தையில் பொத்தான் பதித்ததைப் போலக் குழிந்திருந்தால், அந்தத் துண்டைப் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன். இறுகத் தைத்தால் உறுதி என்ற தையல்காரரின் பழக்கத்தை இந்த வேலையில் கைவிடத்தான் வேண்டும். வெற்றிடத்தில் துணி எப்படியும் அமுங்கும். அப்போது தளர்வாக இருந்த நூல்கூடச் சற்றே நெளியும். அந்த நெளிவுக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் சரியான இடத்தைப் பழகித்தான் பிடிக்க வேண்டும்.

கார்பன் நூலால் தைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது கண்ணி வளைவில் ஒடிகிறது. கெவ்லார் நன்றாக ஓடும், ஆனால் ஈரத்தை உறிஞ்சும். வெக்ட்ரான் என்ற இன்னொரு செயற்கை இழை ஈரத்தை ஏறத்தாழ ஏற்பதே இல்லை, தைக்கவும் இணங்குகிறது. கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன்.

அடுக்கு7 எழுதியது:

ஊசிமுனை சொன்ன ஈரப் பிரச்சினையோடு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெவ்லார் இழை சூடேறினால் நீளவாக்கில் சற்றுச் சுருங்குகிறது, குறுக்குவாக்கில் விரிகிறது. சுற்றியுள்ள ரெசினோ எல்லாத் திசையிலும் விரிகிறது. சூளையில் கெட்டிப்படுத்தி ஆறவைக்கும்போதே அந்தக் கண் வடிவ ரெசின் பகுதிகளில் மயிரிழை விரிசல்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். உடனடியாக வலிமை குறையாது. ஆனால் திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும் இடத்தில் அவை தொடக்கப் புள்ளிகளாகும். வெளிமுகத்தில் நூல் தெரியும்படி விட்டால் அதன் வழியே ஈரமும் உள்ளே போகும்.

தையல் போட்ட துணி என்று விற்கப்படும் பல்லச்சுத் துணியையும் (பல திசைகளில் இழைகளை அடுக்கிய துணி) இந்தப் பேச்சில் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் உள்ள மெல்லிய பாலியெஸ்டர் நூல், நெய்யாத இழை அடுக்குகளைக் கையாளும்போது கலையாமல் பிடிப்பதற்கு மட்டுமே. அந்த நூல் ஒரே துணியின் அடுக்குகளைத்தான் பிடிக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு துணிகளுக்கு இடையே அது கடப்பதில்லை. பிரிவு ஓடுவதோ பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

நீள்வரி எழுதியது:

பெரிய விமானங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்களா என்று யாரும் சொல்லவில்லையே. நாசாவும் மெக்டொனல் டக்ளஸ் விமான நிறுவனமும் 1990களில் இதற்காகவே மாபெரும் தையல் இயந்திரம் ஒன்றை உருவாக்கி, சிறகுத் தகட்டையும் ஸ்டிரிங்கர்களையும் உலர்ந்த நிலையில் சேர்த்துத் தைத்து, பிறகு ரெசின் படலத்தை உருக்கி ஊறவைத்தார்கள். ஏறத்தாழ 12.8 மீட்டர் நீளமுள்ள அந்தச் சிறகுப் பெட்டி 2000இல் லாங்லி ஆய்வு மையத்தில் சோதிக்கப்பட்டு, வடிவமைப்பின் இறுதிச் சுமையில் 97 விழுக்காட்டில் முறிந்தது. அதன் பிறகு போயிங்கும் நாசாவும் வளர்த்த PRSEUS என்ற முறையில் தகடு, சட்டம், கார்பன் தண்டு பதித்த ஸ்டிரிங்கர் அனைத்தும் வெக்ட்ரான் நூலால் தைக்கப்பட்டன. ஏறத்தாழ 9 மீட்டர் அகலமுள்ள பல அறைப் பெட்டி ஒன்று 2015இல் அதே மையத்தில் சோதிக்கப்பட்டது. தகட்டையும் ஸ்டிரிங்கரையும் இணைக்கும் ஆணிகளின் இடத்தை அங்கே தையல் பிடித்தது.

விரிசல்வழி எழுதியது:

நீள்வரி கடைசியாகச் சொன்ன வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒட்டு மட்டுமே உள்ள இணைப்பை எந்த வான்தகுதி அதிகாரியும் எளிதில் நம்புவதில்லை. ஒட்டு விட்டுவிட்டால் அந்தப் பிரிவை எது நிறுத்தும் என்றுதான் முதலில் கேட்பார். வழக்கமான விடை, ஆங்காங்கே ஆணி அடிப்பது. ஒவ்வோர் ஆணிக்கும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் விட்டத்தில் துளையிட்டு, அவ்வளவு இழையையும் அறுத்துத் தள்ள வேண்டும். அத்துடன் ஒப்பிட்டால் தையல் செய்யும் சேதம் மிகச் சிறியது. தைத்த தகட்டைத் தைக்காத தகட்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பேசுவது நியாயமாகாது; ஆணியடித்த தகட்டோடும் ஒப்பிட வேண்டும்.

அடிபட்ட தகட்டின் கதையும் இதே போன்றதுதான். கீழே விழுந்த ஸ்பானர் ஒன்று தகட்டில் மோதினால், வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே பல அடுக்குகள் பிரிந்திருக்கலாம். தையல் அந்தப் பிரிவு தோன்றுவதைத் தடுப்பதில்லை. பிறகு அமுக்கச் சுமை வரும்போது பிரிந்த மெல்லடுக்கு வெளியே புடைத்து, ஓரத்தை மேலும் கிழித்துக்கொண்டு போவதைத்தான் தடுக்கிறது. தடித்த தகட்டில் இது பெரும் பலன். உங்கள் 1.2 மில்லிமீட்டர் தகட்டில் அதற்காக முழுப் பரப்பையும் தைப்பது, அடுக்கு7 சொன்னபடி, இழப்பான வணிகமே.

ஊசிமுனை எழுதியது:

அப்படியானால் என் பரிந்துரை இதுதான். 1600 டெனியர் உங்களுக்கு மிகவும் கனம். 400 டெனியர் எடுத்தால் நூலின் பரப்பு கால் பங்காகும். அதே 1 விழுக்காட்டை எட்ட இடைவெளியை 2.5 மில்லிமீட்டராகப் பாதியாக்க வேண்டும். ஊசித் துளைகள் நான்கு மடங்காகும் என்பது உண்மை, ஆனால் ஒவ்வொரு துளையும் சிறியது, இழை விலகலும் சிறியது. பாதத்தின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு வரிசை, ஸ்டிரிங்கர் முடியும் முனையில் மட்டும் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு அகலம் முழுவதும் வரிசைகள் என்று தைத்துப் பாருங்கள். முதல் வரிசை ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டரில் இருக்கட்டும். அதற்கும் அருகில் போனால் துணியின் ஓர இழைகள் கழன்றுவிடும்.

சிறகுக்கட்டு எழுதியது:

மூன்று வாரங்கள் கழித்து மீண்டும் வருகிறேன். தைக்காத துண்டுகள் மூன்று, ஊசிமுனை சொன்னபடி தைத்த துண்டுகள் மூன்று, வேண்டுமென்றே இறுக்கித் தைத்த துண்டு ஒன்று என ஏழு துண்டுகளைச் சோதித்தேன்.

முதல் "டிக்" என்ற ஒலி தைத்தவற்றிலும் தைக்காதவற்றிலும் ஏறத்தாழ ஒரே சுமையில் கேட்டது. இதைக் கேட்டதும் மனம் சோர்ந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை. தைக்காத துண்டுகளில் அந்த ஒலியோடு கதை முடிந்தது. தைத்தவற்றில் சுமை ஒரு கணம் தாழ்ந்து மீண்டும் ஏறத் தொடங்கியது. பக்கவாட்டில் வெள்ளை மை பூசி உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்டிருந்தேன்: விரிசல் இரண்டாம் வரிசையைத் தாண்டி நின்றது, சுமையைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு வரிசையாகத் தயங்கித் தயங்கி நகர்ந்தது. மூன்றில் இரண்டு துண்டுகளில் பிரிவு முழு நீளமும் ஓடவே இல்லை. ஸ்டிரிங்கரின் மேல்முகடு முதலில் முறிந்துவிட்டது. மூன்றாவதில் நூல்கள் வரிசையாக அறுந்து பிரிவு கடைசிவரை ஓடியது. ஆனால் அதுவும் முதல் ஒலி கேட்ட சுமையைவிட அதிகமான சுமையில்தான். இறுக்கித் தைத்த துண்டு, பாதத்தின் முனையில் உள்ள தையல் வரிசையை ஒட்டியே, தகட்டின் குறுக்கே நேர்க்கோட்டில் முறிந்தது. அஞ்சல்தலைத் தாளில் துளை வரிசை வழியே கிழிப்பதைப் போல.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. அந்த மூன்றாவது துண்டில் முதலில் அறுந்தது, வரிசையின் முடிவில் நான் நூலை முடிந்து வெட்டிய இடத்தில் இருந்த தையல். வரிசையை எப்படி முடிக்க வேண்டும்?

ஊசிமுனை எழுதியது:

முடியாதீர்கள். முடிச்சில் நூலின் வலிமை கணிசமாகக் குறைகிறது. அதைப் போய் அதிகச் சுமை வரும் முனையிலேயே வைத்துவிட்டீர்கள். பாதத்தின் முனையில் தையலை நிறுத்தாமல், அகலவாக்கில் திரும்பி அடுத்த வரிசையாகத் திரும்பி வாருங்கள். நூலின் இரு நுனிகளும் ஸ்டிரிங்கரின் நடுப்பகுதியில், பிரிவு எட்டாத இடத்தில், 30 மில்லிமீட்டர் வால் விட்டு, பாதத்தின் மேல் படுத்திருக்கட்டும். ரெசின் ஊறியதும் அந்த வாலே நூலைப் பிடித்துக்கொள்ளும். திருப்பத்தில் ஊசியைத் துணியில் இறக்கி வைத்துக்கொண்டு துணியைச் சுழற்றினால் கண்ணி தளராது.

அடுக்கு7 எழுதியது:

இறுக்கித் தைத்த அந்தத் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முறிந்த கோட்டின் அருகில் குறுக்கே அறுத்து மெருகேற்றிப் பாருங்கள். அங்கே தகட்டின் முதல் அடுக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்து, சரியாகத் தைத்த துண்டில் உள்ள சாய்வோடு ஒப்பிட்டு எழுதுங்கள். மேல்தகட்டில் எவ்வளவு அமுக்க வலிமையைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த இரண்டு கோணங்களை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். முனைப் பகுதியைத் தைத்த தகட்டிலிருந்து தனியாக அமுக்கச் சோதனைத் துண்டுகளும் வெட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை செய்தது எல்லாமே வளைவுச் சோதனைதான்.

சிறகுக்கட்டு எழுதியது:

அறுத்து ரெசினில் பதித்து வைத்துவிட்டேன். மெருகேற்றியதும் கோணங்களை இங்கேயே இடுகிறேன். அடுத்த தொகுதித் துண்டுகளை முடிச்சில்லாமல் தைக்கிறேன்; அமுக்கச் சோதனைக்கு மட்டும் தனியாக ஒரு தகடு ஊற்றுகிறேன்.